விருந்தாளிப் பக்கம்

காலை ஆறரை மணிக்குப் புது லேப்டாப் முதல் தடவையாக வாயைத் திறந்தது. ‘இந்தப் புரோகிராம் உங்கள் கணினியில் ஓடாது’ என்றது. காரணம் கிடையாது, வருத்தம் கிடையாது. கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான். என்ன சரி, எது சரி? ஓடாது என்று சொல்லிவிட்டு, சரி என்று நம் கையாலேயே அழுத்தச் சொல்கிற திமிர் மனுஷனுக்குக்கூட வராது.

ஃபாண்ட் அக்கா அதை அழுத்தவில்லை. மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சக்கர மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு டாக்டர் வருவார். நாலரை மணி நேரம் இருந்தது.

கட்டிலில் இருந்தவர் அவள் புருஷன். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். நாலு வருஷத்துக்கு முன் நரம்பைத் தின்கிற நோய் வந்தது. முதலில் கால் போனது, பிறகு கை, பிறகு நாக்கு. இப்போது மிஞ்சியது வலது கட்டைவிரலில் துளி அசைவும், கொஞ்சமும் மழுங்காத புத்தியும்தான். இந்த வாரம் மூச்சும் மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. முகமூடி போட்டு, மெஷின் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

அதுவும் இனிப் போதாது என்று முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

“தொண்டையில துளை போட்டுக் குழாய் வைக்கலாம். வச்சா மெஷின் மூச்சுல வருஷக்கணக்கா இருக்கலாம், ஆனா கட்டிலோடதான். வைக்கலைன்னா வலி தெரியாம பாத்துக்குவோம், நாள் கம்மி. ரெண்டுல எதுன்னு அவரே சொல்லணும். நாளைக்குப் பதினொரு மணிக்கு வந்து கேக்கறேன். வேணும்னா ஒரு மணிக்கே ஆபரேஷன் தியேட்டர்ல ஏத்திடலாம். அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது.”

“கண்ணைச் சிமிட்டிச் சொல்வாரு டாக்டர். ஒரு தடவைன்னா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல.”

“முகமூடிக் காத்து கண்ணுல அடிச்சு நாள் பூரா சிமிட்டிக்கிட்டேதானே இருக்காரு? உயிர் விஷயம்மா. அதை வச்சு நான் எழுத முடியாது. பேசற புரோகிராம் ஏதோ இருக்குன்னீங்களே, அதைக் கொண்டாங்க.”

கொண்டுவரலாம். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்த பழைய லேப்டாப், ஆம்புலன்ஸில் ஏற்றுகிற அவசரத்தில் பையோடு மாடிப்படியில் உருண்டு, அங்கேயே உயிரை விட்டிருந்தது. மாஸ்டரின் தங்கை, டாக்டர் சொன்ன ராத்திரியே ஓடிப்போய்ப் புதுசு ஒன்று வாங்கிவந்தாள். நல்ல மனசுதான், குறை சொல்லக்கூடாது. “லேட்டஸ்ட் அண்ணி, இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது” என்றாள். லேட்டஸ்ட்தான் அக்காவுக்கு எமன்.

ஃபாண்ட் அக்கா என்ற பேர் அச்சகத்தில் வந்தது. பத்தொன்பது வயதில் டைப் அடிக்கப் போனவள் முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். பழைய காலத்துத் தமிழ் எழுத்துரு, அதாவது ஃபாண்ட், ஒவ்வொன்றுக்கும் எழுத்து அமைகிற கணக்கு வேறு. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால், கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக ஒரே கந்தரகோளம். யாராவது கல்யாணப் பத்திரிகையை அப்படிக் கொண்டுவந்தால், “ஃபாண்ட் அக்காவைக் கூப்பிடு” என்று சத்தம் கேட்கும். அவள் ஃபாண்டைத் தேடக்கூட மாட்டாள். அந்தக் கந்தரகோளத்தையே பேப்பர் படிக்கிற மாதிரி கடகடவென்று வாசித்துவிடுவாள். மாப்பிள்ளை பேர் இது, மண்டபம் இது என்று சொல்லும்போது வந்தவர் வாயைப் பிளப்பார்.

கார் ஓட்ட மட்டும் அவளுக்கு வரவே இல்லை. மூன்று தடவை டெஸ்டில் ஃபெயில். மூன்றாவது தடவை பக்கத்து சீட்டிலிருந்து மாஸ்டர், “இனிமே நீ ஓட்டவே வேணாம், நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்துக்க” என்றார். அதுதான் அவர் பெண் கேட்ட லட்சணம். குழந்தை குட்டி கிடையாது. வாய் ஓயாமல் பேசுகிற ஒரு மனுஷனும், வாய் ஓயாமல் அவருக்குப் பதில் சொல்கிற ஒரு பொம்பளையும்தான் அந்த வீடு.

அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பேச்சு லேசாகக் குழற ஆரம்பித்தபோது அக்கா அழவில்லை, அழ நேரமில்லை. எங்கெங்கோ விசாரித்து ஒரு புரோகிராமைப் பிடித்தாள். பேர் ‘பேச்சுப் பலகை’. இரண்டு பேர் சேர்ந்து எழுதியது. அப்போதே அரதப் பழசு. அதன் சௌகரியம், முன்கூட்டியே பதிந்துவைத்த சொந்தக் குரலிலேயே பேசும். திரையில் கட்டம் கட்டமாக வார்த்தைகள் இருக்கும். ஒரு வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசையில் கட்டைவிரலை அழுத்தினால், அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக நகரும். மறுபடி அழுத்தினால் அந்த வார்த்தை ஒலிக்கும்.

பதினோரு நாள் உட்கார்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகளைப் பதிந்தார்கள். தண்ணி, வலிக்குது, ஃபேனைப் போடு எல்லாம் முதல் பக்கம். திட்டுகிற வார்த்தைகளுக்கென்றே தனியாக ஒரு பக்கம். மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்று வாங்கிய பக்கம் அது. “திட்டாம நான் எப்படிடி பேசுவேன்?” என்றார். கடைசிப் பக்கத்தில் வெளியாட்களிடம் பேச மரியாதையான வார்த்தைகள்: வணக்கம், நன்றி, மன்னிக்கணும், வேண்டாம், வேணும், பரவாயில்லை. அதற்கு அவர்கள் வைத்த பேர் விருந்தாளிப் பக்கம். நோயாளி வீட்டுக்கு எத்தனை விருந்தாளி வருவார்கள்? மூன்று வருஷத்தில் அந்தப் பக்கத்தை அவர் பத்துத் தடவை திறந்திருந்தால் அதிகம்.

சரி, வீட்டில் ஆமாம், இல்லை என்பதை எப்படிச் சொன்னார் என்று கேட்பீர்கள். அது அவர்கள் இரண்டு பேருக்குள் தானாக வந்த பாஷை. முதல் பக்கத்தில் ‘பிரேக்கு’ என்று ஒன்று, ‘போ போ’ என்று ஒன்று. டிரைவிங் ஸ்கூல் வார்த்தைகள். சட்னி இன்னும் கொஞ்சம் போடவா என்றால் “பிரேக்கு” என்பார். டி.வி. போடவா என்றால் “போ போ” என்பார். கடைசிப் பக்கம் வரை போய் வேண்டாம் என்று சொல்ல அவருக்குப் பொறுமை கிடையாது.

பேச்சுப் பலகையை எழுதிய இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. கம்ப்யூட்டர்க்காரன் சும்மா இருப்பானா? வருஷத்துக்கு ஒரு அப்டேட் விடுவான். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பலகை படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அக்காதான் எழுப்பினாள். ஒன்றை மாற்று, பார், நோட்டில் எழுது. சரிவராவிட்டால் பழையபடி வை, அடுத்ததை மாற்று. அதுதான் அவள் முறை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவே மாட்டாள். அந்தக் கோடு போட்ட நோட்டில் மூன்று வருஷ யுத்தமும் இருந்தது.

இப்போது அந்த நோட்டைத்தான் மடியில் விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் துணிப்பை. அதில் பேச்சுப் பலகையும் குரல் பதிவுகளும் இருந்த சி.டி., அச்சகத்திலிருந்து எடுத்துவந்த சி.டி. டிரைவ், கட்டைவிரல் பொத்தான்.

‘ஓடாது’ என்றால் எது ஓடாது? நிறுவித் தருகிற பகுதிதான் கிழடு. உள்ளே இருக்கிற பலகை அத்தனை கிழடு இல்லை. அதனால் நிறுவவே வேண்டாம், ஃபைல்களைக் கையாலேயே எடுத்துவைத்தால் போதும். நோட்டில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. வைத்தாள். ‘ஒரு துணை ஃபைல் இல்லை’ என்றது. சி.டி.யில் தேடி எடுத்துப் போட்டாள். வைரஸ் காவல்காரன் பாய்ந்துவந்து அதைத் தூக்கிக்கொண்டு போனான். “அடப்பாவி, அது நம்ம வீட்டு ஆளுடா” என்று முனகிக்கொண்டே அவனை ஆஃப் செய்தாள். மறுபடி போட்டாள். பலகை ஒரு கணம் மின்னித் திறந்து, அப்படியே செத்தது. மணி எட்டு.

முகமூடிக்குள்ளிருந்து மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்காதீங்க. பாத்தா எனக்குக் கை ஓடாது” என்றாள்.

‘பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடி’ என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போய்ப் பார்த்தாள். முதல் வருஷம், இல்லை. இரண்டாவது, இல்லை. நர்ஸ் வந்து மாஸ்டரின் ஆக்சிஜன் அளவைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். ஐந்தாவதில் பலகை திறந்தது. திறந்து, மூடாமல் நின்றது. மணி ஒன்பதேகால்.

அடுத்து குரல் ஃபைல்கள். சி.டி.யிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டும் ஊர்ந்து ஊர்ந்து ஏறின. நூற்று எண்பத்தெட்டில் டிரைவ் கரகரவென்று இழுத்துப்பிடித்து நின்றது. எங்கோ ஒரு கீறல். ‘இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை. விட்டுவிட்டு மேலே போகவா?’ என்று கேட்டது. ஃபைலின் பேரில் 188 என்ற எண்ணும், அதன் பின்னால் கந்தரகோளமும் இருந்தன. அக்காவா வாசிக்க மாட்டாள்? ‘மக்கு’. திட்டுப் பக்கத்து வார்த்தை. இன்றைக்கு யாரை மக்கு என்று திட்டப்போகிறார், போனால் போகட்டும் என்று நினைத்து, ‘விடு’ என்பதை அழுத்தினாள். நோட்டில் எழுதக்கூட இல்லை. மூன்று வருஷத்தில் அவள் எழுதாமல் விட்டது அந்த ஒன்றுதான்.

பலகையில் எழுத்தெல்லாம் கந்தரகோளமாகவே தெரிந்தது. பழைய ஃபாண்டைப் புதுக் கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்ளவில்லை. அதோடு மல்லுக்கட்ட நேரமில்லை. மாஸ்டருக்கு எந்தக் கட்டம் எங்கே என்று மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவார். எழுத்து எதற்கு?

பத்து நாற்பதுக்குக் கட்டைவிரலுக்குக் கீழே பொத்தானை வைத்துக் கட்டினாள்.

“ஏங்க, சொல்லுங்க பாப்போம். கேக்குதா?”

வெளிச்சம் இறங்கியது. நின்றது. நகர்ந்தது.

“போ போ” என்றது லேப்டாப்.

மூன்று வருஷத்துக்கு முந்தின குரல், தொண்டை கட்டாத, சீட்டைத் தட்டிக்கொண்டு கத்துகிற குரல். அக்கா தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டாள். அப்படியே இருந்து, “குளிருதா?” என்று கேட்டாள். “பிரேக்கு” என்றார். “தண்ணியா வேணும்?” “பிரேக்கு.” “என்ன வேணும் பின்ன?” வெளிச்சம் கொஞ்ச நேரம் சுற்றியது. “ஃபேனைப் போடு” என்றார். எல்லாம் அச்சு அசல். மூன்று வருஷமாக அவர்கள் பேசிய பேச்சு முக்கால்வாசி முதல் பக்கம்தான். அதைச் சோதித்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. வேறு எதைச் சோதிப்பாள்?

ஒன்றை மட்டும் அவள் கேட்கவே இல்லை. குழாய் வேணுமா என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. வேணும் என்று சொல்லிவிடு சாமி, சொல்லிவிடு, என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலோடு என்றால் கட்டிலோடு. பக்கத்தில் உட்கார ஒரு ஆள் போதும் அவளுக்கு.

பதினொன்றுக்கு டாக்டர் வந்தார். பின்னால் நர்ஸ். பதறிக்கொண்டே மாஸ்டரின் தங்கை. முகமூடி நழுவி நழுவி விழுந்ததால் அக்கா கட்டில் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தின்மேல் குனிந்து நின்றதால் அவளுக்குத் திரை தெரியாது. திரை மாஸ்டரைப் பார்த்து இருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா எழுத்து இது?” என்றார்.

“அது பழைய ஃபாண்ட் டாக்டர். அவருக்கு இடம் தெரியும்.”

வெளிச்சம் பக்கம் பக்கமாகப் போனது. டாக்டர் விருந்தாளி அல்லவா? மாஸ்டர் கடைசிப் பக்கத்துக்குப் போகிறார் என்று பொத்தான் சத்தத்திலிருந்தே அக்காவுக்குப் புரிந்தது.

“நன்றி” என்றது குரல்.

“அட, வந்ததும் வராததுமா நன்றியா?” டாக்டர் சிரித்தார். அக்காவுக்கு என்னவோ சுருக்கென்றது. வந்தவருக்கு வணக்கம்தானே சொல்வார்? ஆனால் அதற்குள் டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முந்தின நாள் சொன்னதை எல்லாம் மறுபடி ஒன்றுவிடாமல் மாஸ்டரிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்.

“குழாய் வேணுமா, வேண்டாமா? அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்கவே இல்லை. வெளிச்சம் இறங்கியது, நின்றது, நகர்ந்தது.

“வேணும்.”

தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பாடா. அப்பாடா. வேறு எதுவும் அக்காவுக்குள் இல்லை.

“உறுதியாத்தானே சொல்றீங்க?”

“வேணும்” என்றது குரல். கொஞ்ச இடைவெளி. மறுபடி “வேணும்.” மறுபடி “வேணும்.”

“பாருங்க டாக்டர், எப்படி ஆசைப்படறாருன்னு! எங்க அண்ணன் அவ்வளவு சீக்கிரம் விட்டுட்டுப் போக மாட்டாரு!” தங்கை அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார்.

வெளிச்சம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் பக்கமாக, முதல் பக்கம் வரை வந்தது.

“பிரேக்கு” என்றது குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். “ஆஸ்பத்திரியிலயும் பிரேக்கு!” என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “பிரேக்கு. பிரேக்கு” என்றார் மாஸ்டர். நர்ஸும் சிரித்தாள். சிரிக்காத ஆள் ஒருத்திதான். முகமூடியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, அக்கா மெதுவாகக் கட்டிலைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள்.

மாஸ்டர் கண் அவள்மேல் வந்து நின்றது. சிமிட்டவே இல்லை. காற்று அடித்து நீர் வழிந்தது, அப்படியும் சிமிட்டவில்லை. மறுபடி விருந்தாளிப் பக்கத்துக்குப் போனார். இப்போது அவளுக்குத் திரை தெரிந்தது. வெளிச்சம் ஒரு கட்டத்தில் நின்றது. அவர் அழுத்தினார். “வேணும்” என்றது குரல்.

கட்டத்தில் இருந்தது கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். மற்றவர்களுக்கு அது வெறும் கிறுக்கல். அவளுக்கு அப்படியா? கண் போனதுமே வாசித்துவிட்டது. வேண்டாம்.

மக்கு. நூற்று எண்பத்தெட்டு. ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது. பலகை ஃபைலின் எண்ணைப் பார்ப்பதில்லை, எண்ணித்தான் பார்க்கிறது. நடுவில் ஒன்று போனதும், அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனையும் ஒரு இடம் முன்னால் நகர்ந்துவிட்டது. வணக்கம் என்றால் நன்றி வரும். வேண்டாம் என்றால் வேணும் வரும்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். பேனா தாளில் போகிற சத்தம் கேட்டது.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அக்கா ஒன்றும் செய்ய வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம். ஒரு மணிக்குத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் கந்தரகோளத்தை வாசிக்கத் தெரிந்த ஆள் இந்த அறையில் வேறு யாருமில்லை. அவர் இருப்பார். காலையில் எழுந்தால் இருப்பார், வேலை முடிந்து வந்தால் இருப்பார். கேவலமாக இருந்தது அவளுக்கு, ஆனாலும் அந்த நினைப்பை விரட்ட முடியவில்லை. டாக்டர் ஒரு தாளைத் திருப்பும் வரை அப்படியே நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

“டாக்டர், எழுதாதீங்க.”

“என்னம்மா?”

“அவர் வேணும்னு சொல்லலை. வேண்டாம்னு சொல்றாரு. புரோகிராம் தப்பாப் பேசுது.”

தங்கை எழுந்தாள்.

“என்ன அண்ணி சொல்றீங்க? நாங்க எல்லாரும் காதால கேட்டோம்! அஞ்சு தடவை சொன்னாரு!”

“அஞ்சு தடவையும் தப்பு. காலைல ஒரு ஃபைலை விட்டுட்டேன். என் தப்புதான்.”

“அதெப்படி, போ போன்னா ஒழுங்கா வருது, பிரேக்குன்னா ஒழுங்கா வருது, வேணும் மட்டும் தப்பா வரும்?” தங்கையின் குரல் ஏறியது. “சொல்லட்டுமா? உங்களுக்கு அலுத்துப்போச்சு. நாலு வருஷம் பாத்தாச்சு, இனி முடியாது, அதானே? எங்க அண்ணனை அனுப்பிவிடப் பாக்கறீங்க!”

அக்காவுக்கு என்னவெல்லாமோ நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“நீங்களே சோதிச்சுப் பாருங்க டாக்டர். நன்றி சொல்லச் சொல்லுங்க. நான் கிட்டவே வரல.” சுவரோரம் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். குனிந்து, “மாஸ்டர், நன்றி சொல்லுங்க” என்றார்.

வெளிச்சம் இறங்கி நின்று நகர்ந்தது. “மன்னிக்கணும்” என்றது குரல்.

“வணக்கம் சொல்லுங்க.”

“நன்றி.”

தங்கை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எவ்வளவு நேரத்துல சரிபண்ணுவீங்க?” என்றார் டாக்டர். பேனாவை மூடிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

“பத்து நிமிஷம்.”

மக்கு திரும்பக் கிடைக்கவா போகிறது? ஆனால் பலகைக்குத் தேவை எண்ணிக்கைதான். ‘ஃபேனைப் போடு’ ஃபைலைப் பிரதி எடுத்து, நூற்று எண்பத்தெட்டு என்று பேர் மாற்றி, காலியான இடத்தில் வைத்தாள். அவசரத்தில் மூன்று தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். முடித்ததும் பலகையை மூடித் திறந்தாள். நோட்டை எடுத்து, தேதி போட்டு, என்ன செய்தாள் என்று எழுதினாள்.

இந்தத் தடவை டாக்டர் விருந்தாளிப் பக்கத்தை ஒவ்வொரு கட்டமாகச் சொல்லச் சொன்னார். வணக்கம். நன்றி. பரவாயில்லை. எல்லாம் கேட்டபடி வந்தது. லேப்டாப்பைத் தனக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, எந்தக் கட்டம் எது என்று அக்காவிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் கேட்டார்.

“குழாய் வேணுமா, வேண்டாமா?”

“வேண்டாம்.”

“வச்சா இன்னும் ரொம்ப நாள் இருக்கலாம். தெரியுமில்ல?”

“வேண்டாம்” என்றது குரல். கணீரென்று இருந்தது. பக்கத்து சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்கிற மாதிரி இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தலையாட்டினார். வெளிச்சம் மறுபடி ஓடி, அதற்கு முந்தின கட்டத்தில் நின்று, “மன்னிக்கணும்” என்றது.

அது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அவர்களுக்குள் அதற்கு வேலை வந்ததில்லை. அக்கா கிட்டே போனாள்.

“என்கிட்ட எதுக்கு மரியாதையெல்லாம்? நான் என்ன விருந்தாளியா?” என்று அதட்டினாள். அதட்டும்போதே அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அவர் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கூச்சம் பார்க்காமல், நர்ஸ் இருக்கிறாள் என்று பார்க்காமல், சத்தம் போட்டு அழுதாள். அவர் விட்டுப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடப் பிடிக்கவில்லை.

டாக்டர் காத்திருந்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார்.

“இந்தப் புரோகிராம் இப்ப சரியாப் பேசுதுன்னு, அதைப் பாத்துக்கற ஆள்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்மா. இல்லைன்னா நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்க.”

முப்பது வருஷமாக ஊர்ப்பட்டவர்களின் வார்த்தைகளை டைப் அடித்தவள், தன் வார்த்தையாக ஒன்றை எழுதிக் கொடுத்து எத்தனையோ நாளாயிற்று. எழுத்துக் கோணல் மாணலாக வந்தது. ‘காலையில் என் தவறால் இது தப்பாகப் பேசியது. நான் சரிசெய்துவிட்டேன். இப்போது நீங்கள் கேட்டது என் கணவர் சொன்ன வார்த்தைதான்.’ கையெழுத்துப் போட்டாள். டாக்டர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, தியேட்டர் வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

தங்கை எழுந்துவந்து அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, நான் என்னென்னவோ பேசிட்டேன்.”

“விடு.”

“நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அண்ணன் இருந்திருப்பாருல்ல?”

அக்கா முகமூடியின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

“இருந்திருப்பாரு. ஆனா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அவர் பேசறதைக் கேட்டிருப்பேன்?”